பச்சைக் கதவு வீட்டின் விலை

மார்ச் 4

அன்புள்ள அத்தைக்கு,

இந்தக் கடிதத்தை எழுதும்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உறையைப் பார்த்ததும், ‘பிள்ளையை விட்டுத் தூது அனுப்புகிறான் தம்பி’ என்று நீங்கள் நினைப்பீர்கள் என்று அம்மா சொன்னாள். நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது. அப்பா கூப்பிட்டால் நீங்கள் ஃபோனை எடுப்பதில்லை. அம்மா கூப்பிட்டால் ‘வேலையா இருக்கேன்’ என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. கிழித்துப் போடலாம்தான், ஆனால் நீங்கள் காகிதத்தைக் கிழிக்கிற ஆள் இல்லை.

தாத்தா எழுதிவைத்தபடி இந்த வீட்டில் பாதி உங்களுடையது, பாதி அப்பாவுடையது. உங்கள் பாதியை அப்பா வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. மொத்த வீடும் என்ன பெறும் என்று சொல்ல மதிப்பீட்டாளர் ஒருவர் வந்தார். அவர் போட்ட தொகையை அப்பா உங்களுக்குச் சொன்ன நாளிலிருந்து நீங்கள் பேசவில்லை. அப்பா அவரைச் சரிக்கட்டிவிட்டார் என்று நினைக்கிறீர்களாமே? இல்லை அத்தை. அன்று முழுவதும் நான் கூடவே இருந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நீங்களே பாருங்கள்.

அவர் வருவதற்கு முன்னால் வீட்டில் ஒரு சின்னப் போர் நடந்தது. கூடத்தில் துணி அலமாரிக்குப் பின்னால் சுவர் ஈரம் குடித்து உப்பிப் போயிருக்கிறது. போன மழைக்கு வந்தது, உங்களுக்குத் தெரியாது. அப்பா அலமாரியை நகர்த்தி அந்த இடம் தெரிகிற மாதிரி வைத்தார். அம்மா அதைப் பார்த்துவிட்டு, “ஒரு மனுஷர் வீட்டுக்கு வர்றப்ப இதையா காட்டுவாங்க? மானம் போகுது” என்று மூடி வைத்தாள். அப்பா மறுபடி நகர்த்தினார். அம்மா மறுபடி மூடினாள். இப்படியே இழுத்து இழுத்து அலமாரியின் கால் முறிந்தது. மதிப்பீட்டாளர் உள்ளே வந்தபோது அது நடுக் கூடத்தில் குடித்தவர் போலச் சாய்ந்து நின்றது.

“என்ன, வீடு காலி பண்றீங்களா?” என்று கேட்டார். அம்மா காபி போடப் போய்விட்டாள்.

மெலிந்த மனிதர், பேனாவைக் காதில் செருகி வைத்துக்கொண்டு அதை எல்லா இடத்திலும் தேடுகிறவர். உள்ளே அளக்க ஒளி பாய்ச்சும் கருவி வைத்திருந்தார். வெளிச்சுவருக்கு மட்டும் டேப். அதன் முனையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்றார். நான் பிடித்தேன்.

“சார், எங்களுக்கு எவ்ளோ வேணும்னு கேக்க மாட்டீங்களா?”

“கேட்டா என் வேலை கெட்டுடும்மா. ஒருத்தருக்குக் கம்மியா வேணும், இன்னொருத்தருக்கு அதிகமா வேணும். ரெண்டும் எனக்குத் தெரியக் கூடாது.”

“எங்க வீட்ல எதுவும் தெரியாம இருக்கறது கஷ்டம் சார்.”

அவர் அலமாரியைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பிறகு வீட்டில் இருந்த ஒவ்வொரு பீரோவுக்கும் பின்னால் விளக்கடித்துப் பார்த்தார். ஆகவே அப்பாவும் அம்மாவும் பட்ட பாடு வீண்.

இன்னொன்று. என் அறை அறையே இல்லையாம்! அனுமதி வாங்கிய வரைபடத்தில் அது மொட்டை மாடி. பிறகு யாரோ கேட்காமல் கொள்ளாமல் சுவர் எழுப்பிக் கூரை போட்டிருக்கிறார்கள். அதனால் சதுர அடிக் கணக்கில் வராது. “அப்ப நான் எங்க சார் தூங்கறேன்?” என்று கேட்டேன். “சட்டப்படி பாத்தா, வெட்டவெளியில” என்றார். அன்றிலிருந்து தம்பி வாண்டு, “வெட்டவெளி, சாப்பிட வா” என்றுதான் என்னைக் கூப்பிடுகிறான்.

நூலகத்தில் இதைப் பற்றி ஒரு தடிப் புத்தகம் எடுத்துப் படித்தேன். பாதி புரிந்தது. வீட்டுக்கென்று உள்ளே ஒரு விலை ஒளிந்திருப்பதில்லையாம். அதைப் போன்ற வீடுகள் பக்கத்தில் சமீபத்தில் என்ன விலைக்குப் போயின என்று பார்க்க வேண்டும். அந்த வீட்டில் நம்மிடம் இல்லாதது ஏதாவது இருந்தால் அந்த விலையில் கழிக்க வேண்டும். நம்மிடம் இருப்பது அங்கே இல்லையென்றால் கூட்ட வேண்டும். நான் முதலில் தலைகீழாகப் புரிந்துகொண்டு நம் வீட்டு விலையில் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். நம் வீட்டு விலைதான் இன்னும் தெரியாதே, அதில் எப்படிக் கழிப்பது? பேருந்தில் படித்துக்கொண்டு போகும்போது அது புரிந்தது, அங்கேயே எழுந்து நிற்க வேண்டும் போல இருந்தது.

கடைசியாக ஒன்று. அப்பாவின் சம்பளத்தைப் பார்த்து, இவ்வளவுதான் கடன் தர முடியும் என்று வங்கி சொல்லிவிட்டது. இப்போது போட்ட தொகையில் பாதி அதற்குள் சரியாக அடங்குகிறது. அதற்கு மேல் போனால் வீட்டையே வெளியாருக்கு விற்க வேண்டியதுதான் என்று அப்பா அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது. எனக்கு இந்த வீட்டை விட்டுப் போக விருப்பமில்லை. தொகை நியாயமானதுதான் என்று உங்களுக்குப் புரிந்தால் பேசுவீர்கள் என்று நினைத்தேன்.

உங்கள்,
புழு

*

மார்ச் 12

என் அருமைப் புத்தகப் புழுவுக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை வாய்விட்டுச் சிரித்ததில், கையில் இருந்த மேல்வரிசைப் பற்கள் கீழே விழுந்தன. பயப்படாதே, என்னுடையவை இல்லை. ஓய்வுபெற்ற ஒரு வாத்தியாருக்கு நான் கட்டிக்கொண்டிருக்கும் பல் செட். இன்னும் மெழுகில் பதித்த நிலையில் இருந்ததால் திரும்ப அடுக்க ஒரு மணி நேரம் போயிற்று. அந்த நேரத்துக்கு உன் அப்பாதான் பொறுப்பு.

ஆக, அவன் அலமாரியை நகர்த்தினான். நல்லது. நீ வக்கீலாகப் போகாதே கண்ணம்மா. கட்சிக்காரரைக் காப்பாற்ற நின்று, அவர் செய்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிடுவாய்.

முகம் சுருங்காதே. எனக்கு அதில் கோபம் இல்லை. என்னிடம் அளவு கொடுக்க வருகிறவர்களும் அப்படித்தான். வாயைச் சாதாரணமாக வையுங்கள் என்றால், அழகாகத் தெரிய வேண்டும் என்று உதட்டை இறுக்குவார்கள். பிறகு பல் செட் பொருந்தவில்லை என்று என்னிடமே வருவார்கள். அவன் சின்ன வயதிலிருந்தே உதட்டை இறுக்குகிறவன்.

உன் மதிப்பீட்டாளர் நல்லவராகவே இருக்கட்டும். ஆனால் அவருக்குக் கூலி கொடுத்தது உன் அப்பா ஒருவன். வீட்டைச் சுற்றிக் காட்டியதும் அவனே. அறிக்கையில் எனக்கு அனுப்பியது தொகை இருக்கும் கடைசிப் பக்கம் மட்டும். அந்தத் தொகை எப்படி வந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. நீ படித்த தடிப் புத்தகம் சொல்வதுபோல மற்ற வீடுகளை வைத்துத்தான் நம் வீட்டை அளக்கிறார்கள் என்றால், எந்த வீடுகள்? அதைச் சொல், பிறகு நியாயத்தைப் பேசலாம்.

நான் பணத்தாசை பிடித்தவள் என்று வீட்டில் பேச்சு அடிபடும். நான் வேலை செய்கிற கடையைக் கட்டட உரிமையாளர் விற்கப் போகிறார். முதலில் என்னிடம்தான் கேட்டிருக்கிறார், வருகிற மழைக்காலம் வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அந்தச் சின்ன இடம், ஒரு அடுப்பு, ஒரு தேய்க்கும் இயந்திரம், நான்கு நல்ல விளக்குகள். எனக்கு அவ்வளவுதான் வேண்டும். அது என் பெயரில் வேண்டும்.

உன் அறையை நினைத்துக் கவலைப்படாதே. சுவரில்லாத காலத்தில் நான் அங்கேதான் படித்தேன். வெட்டவெளி நல்ல இடம்.

அன்புடன்,
அத்தை

*

மார்ச் 21

அன்புள்ள அத்தைக்கு,

அலமாரியைப் பற்றி எழுதியது அசட்டுத்தனம் என்று உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் உறைத்தது. காது வரை சூடாகிவிட்டது. ஆனால் எழுதியதைத் திரும்பப் பெற முடியாது.

அறிக்கையை அப்பாவிடமே கேட்டேன். பள்ளிக்கூடத்துக்கா என்றார். இல்லை, எனக்கே தெரிந்துகொள்ள வேண்டும் என்றேன். எடுத்துக்கொடுத்துவிட்டு, “மொட்டை மாடிக்காரிக்கு ரொம்பத்தான் அக்கறை” என்றார். அவர் எதையும் ஒளிக்கவில்லை அத்தை. உங்களுக்கு அனுப்பத் தோன்றவில்லை, அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

மூன்று வீடுகளை வைத்துப் பார்த்திருக்கிறார். ஒன்று மூலை வீடு. அது நம்முடையதைவிடப் பெரியது, இரண்டு பக்கம் தெரு, ஆகவே அதன் விலையிலிருந்து கழித்திருக்கிறார். இரண்டாவது மருந்துக்கடைக்காரர் வீடு. அதில் கார் நிறுத்த இடமில்லை, நம்மிடம் இருக்கிறது, ஆகவே கூட்டியிருக்கிறார். மூன்றாவது பச்சைக் கதவு வீடு. அளவு, வயது, அறைகள் எல்லாம் நம் வீடு மாதிரியே. அதனால் மற்ற இரண்டையும்விட அதைத்தான் அதிகம் நம்பியிருக்கிறார். அது மிகக் குறைந்த விலைக்குப் போயிருக்கிறது. நம் தொகை இறங்கியது அதனால்தான்.

புத்தகத்தில் படித்ததைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மூன்று வீடுகளின் வாசலிலும் நின்றேன். பச்சைக் கதவு வீட்டு வாசலில், அதை விற்ற பேருந்து ஓட்டுநர் தாத்தா நாற்காலி போட்டு உட்கார்ந்து பயறு உரித்துக்கொண்டிருந்தார். விற்றவர் ஏன் இன்னும் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

“என்ன பாப்பா, வீட்ட இப்படி முறைக்கற? கடன் ஏதாவது பாக்கியா?”

“இல்ல தாத்தா. நீங்க இத வித்துட்டீங்கன்னு சொன்னாங்க.”

“வித்துட்டேனே.”

“அப்ப ஏன் இங்கயே இருக்கீங்க?”

“பாத்தியா, வாங்கினவனே என்ன வெரட்டல, நீ வெரட்டற!” என்று சிரித்தார். “என் தங்கச்சி பையனுக்குத்தான் குடுத்தேன். மேல் ரூம் என் காலம் வரைக்கும் எனக்கு. வேளாவேளைக்குச் சோறு. இதுக்கெல்லாம் போய் விலை பேசுவாங்களா? ஏதோ ஒரு தொகை போட்டு எழுதினோம்.”

நான் நன்றி சொன்னேன். எதற்கு நன்றி என்று அவர் கேட்டார். கீழே சிந்தியிருந்த பயறைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அத்தை, அந்தப் புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது. முதல் தடவை படித்தபோது தாண்டிப் போய்விட்டேன். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர், அவசரமில்லாமல், கட்டாயமில்லாமல் பேசி முடித்த விலையைத்தான் ஒப்பிட எடுக்க வேண்டுமாம். சொந்தத்துக்குள் நடந்த விற்பனையை எடுக்கக் கூடாது. அதில் பாசம் கலந்திருக்கும், அல்லது பகை கலந்திருக்கும். அப்படியானால் பச்சைக் கதவு வீடு கணக்கிலேயே வரக் கூடாது. அதை எடுத்துவிட்டால் நம் வீட்டு விலை ஏறும். ஏறினால் அப்பாவால் முடியாது.

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். எழுதி, மடித்து, புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன். ஆனால் தொகை நியாயமானது என்று உங்களுக்கு எழுதியவள் நான்தான். அப்போது எனக்குத் தெரியாது. இப்போது தெரிந்தும் சும்மா இருந்தால், அந்தக் கடிதம் முழுவதும் பொய்யாகிவிடும். எனக்கு அந்தக் கடிதம் பிடித்திருந்தது.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது.

புழு

*

மார்ச் 29

கண்ணம்மா,

உன் கடிதம் வந்ததும் வேலையை வைத்துவிட்டு ஒரு தேநீர் குடித்தேன். எனக்கு அது பெரிய விஷயம். நடுவில் வேலையை வைக்கிற பழக்கம் என்னிடம் இல்லை.

ஒன்று செய். இதை அப்பாவிடம் சொல். நான் மதிப்பீட்டாளருக்கு எழுதப் போவதில்லை. எழுதினால், ‘பிள்ளையை ஒற்றாளாக வைத்து வேவு பார்த்தாள்’ என்று ஆகும். உன்னை அப்படி ஒரு இடத்தில் நிறுத்த எனக்கு மனமில்லை. நீ கண்டது, நீ சொல். அவன் அதை வைத்து என்ன செய்கிறான் என்பது அவன் பாடு.

அவன் ஒன்றும் செய்யாவிட்டால்? செய்யாவிட்டால் எனக்கு அவனைப் பற்றி ஒன்று தெரியவரும். அதற்கும் ஒரு மதிப்பு உண்டு. உங்கள் சதுர அடியில் வராதது.

இவ்வளவு நேர்மையாக எழுதுகிற உன்னிடம் நானும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் ஃபோனை எடுக்காதது தொகைக்காக இல்லை. தொகையைச் சொன்ன அன்று, இது குறைவாகத் தெரிகிறதே என்று நான் கேட்டேன். அதற்கு உன் அப்பா, “ஒத்தை ஆளுக்கு இது போதாதாக்கா?” என்றான். வேண்டுமென்று சொல்லவில்லை. இயல்பாகச் சொன்னான், தண்ணீர் போதுமா என்று கேட்கிற மாதிரி. அதுதான் உறைத்தது. எனக்குப் பிள்ளைகுட்டி இல்லை என்றால் என் பாதி பாதியில்லாமல் கால் ஆகிவிடுமா? இத்தனை வருஷம் ஊர்க்காரர்கள் வாய்க்கெல்லாம் பல் செய்துகொடுத்தவளுக்கு அன்றைக்குத் திருப்பிச் சொல்ல ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. வைத்துவிட்டேன்.

இதை அப்பாவிடம் சொல்லாதே. பச்சைக் கதவை மட்டும் சொல்.

அத்தை

*

ஏப்ரல் 7

அன்புள்ள அத்தைக்கு,

சொல்லிவிட்டேன்.

அப்பா கூடத்தில் உட்கார்ந்து அலமாரிக்குப் புதுக் கால் பொருத்திக்கொண்டிருந்தார். நான் புத்தகத்தின் அந்தப் பக்கத்தையும் ஓட்டுநர் தாத்தா சொன்னதையும் சொன்னேன். அவர் திருப்புளியைக் கீழே வைத்தார்.

“இத அத்தைக்கு எழுதிட்டியா?”

“எழுதிட்டேன்.”

“எங்கிட்ட சொல்றதுக்கு முன்னாடியேவா?”

“ஆமாம்ப்பா.”

எவ்வளவு நாளாகக் கடிதம் நடக்கிறது என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டார். அம்மா சமையலறையில் இல்லாத வேலையைத் தேடிப் போனாள். அப்பா சாப்பிடும் நேரம் வரை அந்த அலமாரிக் காலையே திருகிக்கொண்டிருந்தார். வாண்டு பக்கத்தில் வந்து, “அப்பா, அப்ப நாம எல்லாரும் வெட்டவெளியா?” என்று கேட்டான். அவனுக்கு ஒரு அடி விழுந்தது. அது எனக்கு விழ வேண்டியது என்று நினைத்தேன்.

கை கழுவும்போது அப்பா என் பக்கம் திரும்பாமல் கேட்டார். “அன்னிக்கு ஃபோன்ல நான் ஒண்ணு சொன்னேன். அதப் பத்தி அத்தை உனக்கு ஏதாவது எழுதினாளா?”

நீங்கள் சொல்லக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். நான் பொய்யும் சொல்லவில்லை. துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

“எழுதியிருக்கா” என்று அவரே சொல்லிக்கொண்டார். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றார். கை எப்போதோ காய்ந்துவிட்டது.

மறுநாள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். இருவரும் மதிப்பீட்டாளரின் அலுவலகத்துக்குப் போனோம். மாடிப்படிக்குக் கீழே ஒரே அறை. சுவர் முழுவதும் தெருக்களின் வரைபடம், குண்டூசிகள். பச்சைக் கதவு வீட்டைப் பற்றி அப்பாவே சொன்னார். எனக்கு அது ஆச்சரியம். என்னைச் சொல்லச் சொல்லுவார் என்று நினைத்துப் பாடம் போல ஒப்பித்துக்கொண்டே போனேன்.

மதிப்பீட்டாளருக்கு முகம் சிவந்துவிட்டது. “பத்திரத்துல பேரைத்தான் பாக்க முடியும் சார். தங்கச்சி பையன் பேரு வேற, அவரு பேரு வேற. ஃபோன் பண்ணிக் கேட்டப்ப, ‘திருப்தியா வித்தேன்’னு சொன்னாரு பெரியவர்.”

“திருப்திதான் அவருக்கு” என்றேன். “வேளாவேளைக்குச் சோறு.”

அவர் பேனாவைத் தேடினார். காதில் இருக்கிறது என்று அப்பா சொன்னார். ஓட்டுநர் தாத்தாவைத் தானே நேரில் பார்த்து உறுதி செய்துகொண்டு, பச்சைக் கதவை எடுத்துவிட்டு, அடுத்த தெருவில் அந்நியர்களுக்குள் விற்ற வேறொரு வீட்டைப் போடுவதாகச் சொன்னார். நேற்றுத் திருத்திய அறிக்கை வந்தது. முழுவதையும் உங்களுக்கு இதோடு வைத்திருக்கிறேன். கடைசிப் பக்கம் மட்டும் இல்லை, எல்லாப் பக்கமும். வைக்கச் சொன்னது அப்பா.

ஏறித்தான் இருக்கிறது. வங்கி தரும் தொகை எட்டாது. அப்பா அறிக்கையை மடித்து வைத்துவிட்டு வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார், வாங்க வந்தவர் மாதிரி.

நான் செய்தது சரிதான் என்று நினைக்கிறேன். ஆனால் சரி என்றால் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

புழு

*

ஏப்ரல் 16

கண்ணம்மா,

அறிக்கையைப் பக்கம் பக்கமாகப் படித்தேன். ஈரச் சுவருக்கு எவ்வளவு கழித்திருக்கிறார் என்று பார்த்தேன். கொஞ்சம்தான். அதற்கா அந்த அலமாரியின் காலை உடைத்தான்?

இப்போது நீ ஒரு வரியை எதிர்பார்த்து இந்தக் கடிதத்தைப் பிரித்திருப்பாய். ‘போகட்டும், பழைய தொகையே போதும்’ என்ற வரி. அந்த வரியை நான் எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அனுப்ப முடியாது.

கட்டட உரிமையாளர் கேட்கிற விலைக்கு எனக்கு இந்தத் தொகை முழுவதும் வேண்டும். அது ஒன்று. இன்னொன்றும் இருக்கிறது. குறைத்துக்கொண்டேன் என்றால், ‘ஒத்தை ஆளுக்கு இது போதும்’ என்று உன் அப்பா சொன்னதை நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். தவிர, நான் விட்டுக்கொடுத்தால் அதை வாழ்நாள் முழுவதும் சொல்லிக்காட்டுவேன். ஒவ்வொரு தடவை உங்கள் வீட்டுப் படியேறும்போதும், ‘இந்தப் படி நான் போட்ட பிச்சை’ என்று மனசுக்குள் ஓடும். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அப்படி ஒரு அத்தை உனக்கு வேண்டாம்.

ஆகவே சரியான தொகை, முழுவதும். உங்களால் முடியாவிட்டால் வெளியாருக்கு விற்போம், ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்வோம். இதைக் கல்நெஞ்சு என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள். பதில் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அத்தை

*

மே 9

அன்புள்ள அத்தைக்கு,

உடனே பதில் எழுத முடியவில்லை. முதலில் உங்கள் மேல் கோபமாக இருந்தது. கடிதத்தை நான்கு தடவை படித்த பிறகு கோபம் இருந்தது, ஆனால் யார் மேல் என்று தெரியவில்லை. பிறகு இங்கே நிறைய நடந்துவிட்டது.

அப்பா வீட்டை விற்பது என்று முடிவு செய்து, தரகரைக்கூடப் பார்த்துவிட்டு வந்தார். அப்போது அம்மா கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: “முன்பக்கம் ரெண்டு ரூமையும் வாடகைக்கு விட்டா என்ன?”

“யாரோ ஒருத்தர் வந்து நம்ம வீட்ல இருப்பாங்க. உனக்குச் சரிப்படுமா? ஒரு ஈரச் சுவத்தைக் காட்டறதுக்கே அந்தப் பாடு படுத்தின.”

“சுவத்த நீங்க சரி பண்ணிக் குடுங்க. மனுஷங்கள நான் பாத்துக்கறேன்.”

வாடகை வந்தால் அதையும் வருமானமாகச் சேர்த்துக் கணக்குப் பார்ப்போம் என்று வங்கியில் சொன்னார்கள். ஆனால் எவ்வளவு வாடகை வரும் என்பதை அம்மா சொன்னால் போதாது, மதிப்பீட்டாளர் சொல்ல வேண்டும். ஆகவே அவர் மறுபடி வந்தார். நான் மறுபடி டேப்பைப் பிடித்தேன். வாடகையையும் பக்கத்துத் தெரு வாடகைகளோடு ஒப்பிட்டுத்தான் சொல்வார்களாம். “இந்தத் தடவை யாரு யாருக்கு மாமா, யாரு யாருக்கு மச்சான்னு எல்லாத்தையும் விசாரிச்சுட்டேன்மா” என்று என்னிடம் தனியாகச் சொன்னார்.

வங்கி ஒத்துக்கொண்டுவிட்டது அத்தை! உங்கள் பாதிக்குச் சரியான தொகை, முழுவதும். கடன் காலம் நீளமாகிவிட்டது. முன் அறைகளைக் காலி செய்து நாங்கள் பின்பக்கம் போகிறோம். மாடியில் என் அறைக்கு அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். நான் இனிமேல் வாண்டுவோடு ஒரே அறை. இதை எழுதும்போதே அவன் நடுவில் சாக்கட்டியால் கோடு போட்டு, என் பக்கம் சின்னதாக வருகிற மாதிரி அளந்துகொண்டிருக்கிறான். அவனுக்குக் கூலி கொடுத்தது யார் என்று தெரியவில்லை.

இப்போது நான் சொல்ல வந்தது. அன்று மதிப்பீட்டாளர் கிளம்பும்போது படிவத்தில் ஒரு கேள்வியைக் கேட்டார். “விக்கறவங்களும் வாங்கறவங்களும் சொந்தமா?”

“ஆமா. அக்கா, தம்பி.”

“அப்ப சரி. இந்த விற்பனையை நாங்க யாரும் எதுக்கும் ஒப்பிட எடுத்துக்க மாட்டோம் சார். சொந்தத்துக்குள்ள நடக்கறது சந்தை விலைன்னு கணக்குல வராது.”

அப்பா வாசற்படியில் நின்றுவிட்டார். “இது அப்படி இல்ல சார். எடுத்துக்கலாம்.”

“வழக்கம் அப்படித்தான் சார். நானே ஒரு தடவை பட்டுட்டேனே.”

“வழக்கம் இருக்கட்டும். எங்கக்கா ஒத்தையா நின்னு, தானே தொழில் கத்துக்கிட்டு, தானே சம்பாதிச்சவங்க. எனக்காக ஒரு காசு அவங்க குறைக்கல. குறைங்கன்னு நான் கேக்கவும் இல்ல. கேக்கற தகுதி எனக்கு இல்ல. ரோட்ல போற ஒருத்தர்கிட்ட வாங்கினா என்ன குடுப்பேனோ அதைத்தான் குடுக்கறேன். அதை எழுதுங்க.”

“அக்காவைப் போய் ரோட்ல போறவங்கன்னு சொல்றீங்களே” என்றாள் அம்மா.

“இந்த ஒரு விஷயத்துல அதான் மரியாதை” என்றார் அப்பா. சொல்லிவிட்டு, படிவத்தில் எழுத வேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

மதிப்பீட்டாளர் பேனாவைக் காதிலிருந்து எடுத்து, குறிப்புகள் எழுதும் இடத்தில் ஒரு வரி எழுதினார். எழுதினாலும் யாரும் நம்ப மாட்டார்கள் சார் என்று சொல்லிவிட்டுத்தான் எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். ‘உறவினர், எனினும் முழு விலை’ என்று இருந்தது.

இதை உங்களிடம் சொல்லச் சொல்லி அப்பா சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பத்திரப் பதிவு அடுத்த மாதம் மூன்றாம் தேதி. நீங்கள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

புழு

*

மே 17

என் அருமைப் புழுவுக்கு,

உன் கடிதம் வந்தபோது பல் அச்சுக்கு மாவு கரைத்து வைத்திருந்தேன். அது கிண்ணத்திலேயே இறுகிவிட்டது. கிண்ணத்தைத் தட்டித் தட்டி எடுத்தேன். எனக்குக் கோபம் வரவில்லை.

யாரும் நம்ப மாட்டார்கள் என்றாரா அந்த மனிதர்? நம்ப வேண்டியது ஒரே ஒரு ஆள்தான். அவள் நம்பிவிட்டாள்.

கடைக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். பெயர்ப் பலகைக்கும் சொல்லியாகிவிட்டது. பலகை எழுதுகிறவர், ‘யாராவது பங்குதாரர் உண்டா, அவர் பெயரையும் போடட்டுமா?’ என்று கேட்டார். ஒரே பெயர்தான், பெரிதாகவே எழுதுங்கள் என்றேன்.

இரண்டாம் தேதி மாலை வருகிறேன். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் விடுதியில் ஒரு அறைக்குச் சொல்லி வைத்திருந்தேன். இன்று காலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முன் அறைக்கு ஆள் வந்துவிட்டால் எனக்கு எங்கே பாய் விரிப்பது என்று அம்மாவைக் கேட்டு எழுது. வாண்டு போட்ட கோட்டுக்கு எந்தப் பக்கமானாலும் சரி.

அத்தை